எதுல சார்

யாராவது வெறும் எண்ணைச் சொன்னால் இப்போதும் என் வாய் தன்னால் "எதுல?" என்று கேட்கிறது. எங்கள் உரக்கடைக்கு வருகிறவர்கள் "யூரியா ரெண்டு குடுங்க" என்பார்கள். மூட்டையா, கிலோவா என்று கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுப்பேன். மூட்டையைத்தான் கேட்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தாலும் கேட்பேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

பழக்கம் நல்ல பழக்கம்தான். அதைக் கொடுத்த ஆளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மனைவி என்மேல் பிரியமாக இருந்தவர், அந்த அம்மாளுக்காக விட்டுவைக்கிறேன். தவிர, எங்கள் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதும் இல்லை. எங்கள் கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க என்ஜினியர் அவர். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'எதுல சார்'.

சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் வந்தால் எங்கள் ஊர். தாமிரபரணியில் பிரிந்து வரும் கால்வாய் எங்கள் வயலோடு முடிகிறது. மேலே இருக்கிற ஊர்களெல்லாம் வாய் நிறையக் குடித்து முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. கடைமடைக்காரர்கள் என்றாலே எந்நேரமும் ஆளுக்கொரு மனுவோடு அலைகிறவர்கள் என்று மேலூர்களில் ஒரு கேலி உண்டு. எனக்கு அப்பா கொடுத்த இரண்டரை ஏக்கர் அந்தக் கடைசி மடையில்தான் இருக்கிறது. உரக்கடை வருமானம் அன்றாடச் செலவுக்கு. வருஷத்துச் சோறு, ஐப்பசியில் நட்டு மாசியில் அறுக்கிற பிசான நெல்லில்.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு யாரும் அளவு சொல்வதில்லை. "அணையில எவ்வளவு விட்டிருக்கான்?" என்று ஒருத்தர் கேட்பார். "ஆயிரத்து நானூறு" என்று மற்றவர் சொல்வார். பேச்சு முடிந்தது. விநாடிக்கு இத்தனை கன அடி என்பதுதான் அதற்கு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். வெறும் எண்ணாக எதைச் சொன்னாலும் தண்ணீர் விஷயத்தில் அது கன அடிதான். அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் மாற்றலாகி வந்த புதிதில் எங்கள் கடையை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கட்டைமீசை, காலர் தேய்ந்த வெள்ளைச் சட்டை. யாரென்று யாருக்கும் தெரியாது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருத்தர், "ஆயிரத்து நானூறு விட்டிருக்கான் வே, இனி நடுகைக்குப் பயமில்ல" என்றார். புது ஆள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஆயிரத்து நானூறு எதுல?" என்று கேட்டார். "தண்ணியில" என்றார் பேப்பர்காரர். கடையே சிரித்தது. புது ஆள் சிரிக்கவில்லை. லிட்டரா, குடமா, கன அடியா, விநாடிக்கா, நாளைக்கா என்று வரிசையாகக் கேட்டார். யூனிட் இல்லாத நம்பர் தலையில்லாத முண்டம், அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆளைத் தெரிகிறதா என்று கேட்டால் எப்படித் தெரியும் என்றார். அப்புறம்தான் அவர் புது என்ஜினியர் என்று தெரிந்தது. பேப்பர்காரர் பைய எழுந்து போய்விட்டார்.

இப்படி ஒரு ஆளை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. முன்பிருந்த அதிகாரிகள் எண்ணைச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். இவர் எந்த எண்ணையும் வந்த உடுப்போடு விடமாட்டார். பேப்பரில் மில்லியன் கன அடி என்று போட்டிருந்தால் அதை நாளைக்கு எத்தனை கன அடி என்று பிரிப்பார், அதை லிட்டராக்குவார், லிட்டரைக் குடமாக்குவார். குடத்தில் வந்து நின்றால்தான் அவருக்கு மனது ஆறும். ஒரு கன அடி என்றால் இருபத்தெட்டு லிட்டர், நம் வீட்டுக் குடத்துக்கு இரண்டு குடம். விநாடிக்கு ஒரு தரம் கையைத் தட்டிக்கொண்டே "ரெண்டு, ரெண்டு, ரெண்டு" என்று சொல்வார். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு குடம் தண்ணீர் விடாமல் விழுந்தால் அதுதான் ஒரு கன அடி. அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு லட்சம் லிட்டர், ஒரு தண்ணீர் லாரியை ஏழு நிமிஷத்தில் நிரப்பிவிடும், எங்கள் பக்கத்து மண்ணில் ஏறக்குறைய அறுபது ஏக்கர் நெல்லைக் காப்பாற்றும். இதையெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர்ப் பெண்கள் குழாயடியில் குடம் வைத்துவிட்டு விநாடி எண்ண ஆரம்பித்தார்கள்.

பாளையங்கோட்டையில் அவர் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச எங்களையும் கூப்பிட்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் தளம், ஜன்னல், பூஜை அறை என்று பார்த்துக்கொண்டிருக்க, எங்களை மட்டும் குளியலறைக்குக் கூட்டிப்போனார். குழாயைத் திறந்து வாளியை வைத்து, கைபேசியில் நேரம் பார்த்து, நிமிஷத்துக்கு ஒன்பது லிட்டர் என்று பெருமையாகச் சொன்னார். அவர் மனைவி வாசலில் நின்று, "நான் அழுதாக்கூட எத்தனை மில்லின்னுதான் கேப்பாவ" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்த அம்மாள் எனக்கு வெற்றிலைபாக்கோடு மருதாணிச் செடி ஒன்றும் கொடுத்தனுப்பினார். அது இன்றும் எங்கள் கொல்லையில் இருக்கிறது.

மோட்டார் வாங்கிய கதையைச் சொல்லவேண்டும், அது பின்னால் தேவைப்படும். வயல் கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரன் ஒரு வண்ணத் தாளைக் காட்டி, "அறுபதாயிரம் லிட்டர் அள்ளிக் கொட்டும் அக்கா" என்றான். எனக்கு மலைப்பாக இருந்தது. அறுபதாயிரம் என்றால் வயலே மிதக்கும் போலிருந்தது. சாரிடம் காட்டினேன். வழக்கம்போல எதுல என்று கேட்டார். பார்த்தால் மணிக்கு என்று கீழே பொடியாகப் போட்டிருந்தது. அவர் உள்ளங்கையில் விரலால் கணக்குப் போட்டார்.

"கன அடியில சொன்னா பாயிண்ட் சிக்ஸ். ஒண்ணுகூட இல்ல தங்கச்சி. விநாடிக்கு ஒரு குடம் சொச்சம். உன் கிணத்துக்கு அது போதும், வாங்கு. ஆனா ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. விக்க வாரவன் சின்ன அளவுல சொல்லுவான், நம்பர் பெருசாத் தெரியும். எடுக்க வாரவன் பெரிய அளவுல சொல்லுவான், நம்பர் சின்னதாத் தெரியும். நம்பரைப் பாக்காத. எதுல சொல்லுதான்னு பாரு."

மோட்டாரை வாங்கினோம். நாலு இஞ்சுக் குழாயில் தண்ணீர் வந்து தொட்டியில் விழுவதைப் பார்த்துவிட்டு, பாயிண்ட் சிக்ஸ் இதுதான் என்று ஊர்க்காரர்களிடம் காட்டினார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்த எண்ணின் உருவம் தெரியும். அவர் காட்டித்தான் தெரியும்.

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியதற்கும் காரணம் இருந்தது. ஒரு பிசானத்தில் கதிர் வரும் நேரத்தில் எங்களுக்குத் தண்ணீர் சுருங்கிப்போயிற்று. மேலூர்க்காரர்கள் தாங்கள் ஒரு சொட்டும் கூடுதலாக எடுக்கவில்லை என்று சாதித்தார்கள். இரண்டு ஊர் ஆட்களும் கால்வாய்க் கரையில் கைகலக்கும் நிலைக்கு வந்தாயிற்று. சார் வந்தார். பையில் இருந்து காய்ந்த தேங்காய் ஒன்றை எடுத்தார். சண்டைக்கு நின்றவர்கள் சாமி கும்பிடப் போகிறார் போல என்று விலகி வழி விட்டார்கள். அவர் அதைக் கால்வாயில் போட்டு, அது மிதந்து போகிற வேகத்தைப் பார்த்தார். அகலம் அளந்தார், முழங்கால்வரை இறங்கி ஆழம் அளந்தார். மேலே ஒரு தடவை, எங்கள் ஊருக்கு வரும் இடத்தில் ஒரு தடவை. பிறகு இரண்டு ஊரையும் உட்காரவைத்து, மேலே விநாடிக்கு எண்பது குடம் போகிறது, கீழே வந்து சேர்வது முப்பது என்றார். "நடுவுல இருக்குத வயலுக்கு இருபது குடம்னே வச்சிக்கிடுவோம். மிச்ச முப்பது குடத்தைக் காக்காயா குடிச்சிச்சு?"

மறுநாள் மேலூரில் கரையைத் துளைத்துப் போட்டிருந்த குழாய்களை அந்த ஊர் ஆட்களே பிடுங்கினார்கள். அந்த வருஷம் எங்கள் நெல் வீடு வந்து சேர்ந்தது. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு அவரைக் கூப்பிட்டு மாலை போட்டோம். எங்கள் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் அண்ணாச்சி, யாருக்கும் சால்வை போட்டுப் பழக்கமில்லாதவர், அன்றைக்குத் தன் கையால் போட்டார். எனக்குக் கண் கலங்கியது. இந்த மனிதர் இருக்கிறவரைக்கும் கடைமடை காயாது என்று நான் நம்பினேன். என் நம்பிக்கையின் அளவை அவர் அப்போது கேட்டிருந்தால் குடத்தில் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த கோடையில் அந்தக் கூட்டம் நடந்தது. வடக்கே வரப்போகிற ஏதோ ஒரு கம்பெனிக்கு எங்கள் கால்வாயிலிருந்து, அதுவும் தலைமடைக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டிருந்தார்கள். பாசன விவசாயிகள் சங்கம் ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டால் மேற்கொண்டு நடக்குமாம். சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, முழுக்கைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் சுவரில் படம் காட்டினார்கள். மரம் நடுவதும் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுப்பதும் படத்தில் வந்தன. தண்ணீர் எவ்வளவு என்ற பேச்சு வரவில்லை. சங்கத்தில் பெண் உறுப்பினர் நான் ஒருத்திதான், முன் வரிசையில் இருந்தேன். சார் மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். அன்றைக்கு இஸ்திரி போட்ட புதுச் சட்டை போட்டிருந்தார்.

தலைவர் அண்ணாச்சி எழுந்தார். கம்பெனி ஆட்களைப் பார்க்காமல் சாரைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவிய சொல்லுதது எங்களுக்கு வெளங்கல சார். நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிடுதோம். எவ்வளவு எடுப்பாவ?"

"பாயிண்ட் சிக்ஸ்" என்றார் சார்.

"ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல."

கூடத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம். விடை தெரிந்த பிள்ளையைப் போல எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க மோட்டார் இறைக்குத தண்ணிதான் அண்ணாச்சி. நாலு இஞ்சுக் குழாய்" என்றேன். சொல்லிவிட்டு சாரைப் பார்த்தேன். சரிதானே என்று அவர் தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு பின்னால் திரும்பி, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். வெக்கையாகத்தான் இருந்தது, அதனால் நானும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு நாலு இஞ்சுக் குழாய்க்குப் போய் யார் சண்டை போடுவார்கள்? எல்லோரும் கை தூக்கினோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள். காரச்சேவும் டீயும் வந்தது.

சில வாரங்களில் அவருக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், எங்களுக்குத் தெரியும். கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம். வழியனுப்ப மாலை வாங்கிப் போனபோது அவர் சரியாகப் பேசவில்லை. எங்களை விட்டுப் போகிற வருத்தம் என்று நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தீர்மானத்துக்கும் இந்த மாற்றலுக்கும் முடிச்சுப் போட்டு ஊரில் பின்னால் என்னென்னவோ பேசினார்கள். நான் பார்க்காததை எழுத மாட்டேன்.

புரட்டாசியில் ஒருநாள் விதைநெல் மூட்டை எடுக்க நானும் வீட்டுக்காரரும் வண்டியில் மேலே போனோம். தலைமடைக்குப் பக்கத்தில் சாலையோரம் கறுப்புக் குழாய்களை அடுக்கியிருந்தார்கள். ஒரு குழாய்க்குள்ளே வெயிலுக்கு ஒதுங்கி ஒரு கன்றுக்குட்டி நின்றுகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். இது வேறு எதற்காவது இருக்கும், பாதாளச் சாக்கடைக்கு இருக்கும் என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேலைத்தளத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் பாயிண்ட் சிக்ஸ் என்றுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நீலப் பெயிண்டில் கன மீட்டர் என்று எழுதியிருந்தது. விநாடிக்குப் பாயிண்ட் சிக்ஸ் கன மீட்டர்.

ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். அதையும் சார்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியென்றால் விநாடிக்கு அறுநூறு லிட்டர். இருபத்தெட்டால் வகுத்தேன். இருபத்தொரு கன அடி வந்தது. கைபேசியில் தப்பாக அழுத்திவிட்டேன் என்று மறுபடியும் போட்டேன். வீட்டுக்காரர் பிடுங்கி அவர் ஒரு தடவை போட்டார். அதே இருபத்தொன்று. எங்கள் மோட்டாரைப் போல முப்பத்தைந்து மோட்டார், ராப்பகலாக. சார் கைதட்டும் கணக்கில் ஒவ்வொரு தட்டுக்கும் நாற்பது குடத்துக்கு மேல். ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல் பாய்கிற தண்ணீர். கன்றுக்குட்டி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. தலைவர் அண்ணாச்சி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய் வந்தார். போன இடமெல்லாம் ஏகமனதாகப் போட்ட தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்கள். கன மீட்டர் என்று தாளில் தெளிவாகத்தான் இருந்தது. நாங்கள் தாளைப் படிக்கவில்லை. படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார் என்று இருந்துவிட்டோம்.

நடுகைக்குத் தண்ணீர் தட்டில்லாமல் வந்தது. கம்பெனிக் குழாய் அப்போது போட்டு முடியவில்லை, அணையிலும் தாராளமாக விட்டிருந்தார்கள். தை பிறந்ததும் கம்பெனி மோட்டார் ஓட ஆரம்பித்தது, அணைத் தண்ணீரையும் குறைத்தார்கள். மேலூர்கள் தங்கள் பங்கை எடுத்தன, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கால்வாயில் தண்ணீர் எங்கள் ஊருக்கு முந்தின ஊரோடு நின்றுவிட்டது. கால்வாயில் ஓடினால்தான் எங்கள் கிணற்றில் ஊறும். மோட்டார் அரைமணி நேரம் ஓடிவிட்டுக் காற்றைக் கக்கியது. கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒரு வாரத்தில் வயல் வெளுத்தது, கதிரைக் கசக்கினால் உள்ளே ஒன்றும் இல்லை. மாட்டுக்காவது ஆகட்டும் என்று இரண்டரை ஏக்கரையும் விளையாமலே அறுத்துப் போட்டோம். கூலிக்கு அறுக்க வந்த பெண்கள் பேசாமல் அறுத்தார்கள். எப்போதும் வாய் ஓயாதவர்கள் அவர்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே பாளையங்கோட்டையில் சார் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் உள்ளே வர மறுத்து, தெருவில் வண்டியோடு நின்றுகொண்டார். சாரின் மனைவி கதவைத் திறந்து, "வா தாயி, எத்தனை நாளாச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மருதாணி பிடித்துக்கொண்டதா என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. காப்பி போட உள்ளே போனார்.

சார் முன்னறையில் இருந்தார். மெலிந்திருந்தார். நான் உட்காரவில்லை. வயலை அறுத்துவிட்ட விஷயத்தைச் சொன்னேன். பலகையைப் பார்த்ததைச் சொன்னேன். கன்றுக்குட்டியைக்கூடச் சொன்னேன். தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் பிறகு சொன்னார்.

"நான் பொய் சொல்லல தங்கச்சி. தாள்ல பாயிண்ட் சிக்ஸ்னுதான் இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன்."

"எதுல சார்?"

நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு எரிச்சலோடு, "இதை அன்னைக்குக் கேட்டிருக்கணும். ஒருத்தராவது கேட்டிருக்கணும். எத்தனை தடவ சொல்லிக் குடுத்தேன்?" என்றார்.

வயல் வெளுத்தபோது எனக்கு இப்படி வலிக்கவில்லை. முழுக்கைச் சட்டைக்காரன் அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் கூடம் மொத்தமும் எதுல என்று கத்தியிருக்கும். எங்கள் ஊர்க் கைப்பிள்ளைகூடக் கேட்டிருக்கும். சொன்னது அவர் என்பதால்தான் யாரும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்கச் சொல்லி எங்களுக்குப் பழக்கிவிட்டு, கேட்கத் தேவையில்லாத ஒரே ஆளாகத் தானே இருந்துகொண்டு, அந்த இடத்தில் வைத்து எங்களைக் கைவிட்டார். நான் எழுந்து மோட்டாரைப் பற்றிச் சொன்னபோது அவருக்குத் தெரியும். அந்த மோட்டாருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த கை அவருடையது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்குப் பதிலாக ஃபேனைக் கூட்டச் சொன்னார்.

மேலிருந்து சொன்னார்கள், ஆட்சேபணை இல்லாமல் முடித்துக்கொடு என்றார்கள், தனக்கும் குடும்பம் இருக்கிறது என்று ஏதேதோ சொன்னார். கடைசியில், "நான் சொல்லாட்டா வேற ஒருத்தன் வந்து சொல்லியிருப்பான்" என்றார்.

"வேற ஒருத்தன் சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்போம் சார்."

காப்பி வந்தது. அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு டம்ளரை மேஜைமேல் வைத்தார். நான் குடிக்கவில்லை. அவர் மனசு நோகுமே என்று மட்டும் இருந்தது. பிறகு வருகிறேன் என்று அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடைக்கு வந்தால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று அவருக்கு உண்டு. பழக்கம் விடவில்லையா, வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லையா, இப்போதும் அதைத்தான் கேட்டார்.

"கடைமடைக்கு இப்ப எவ்வளவு வருது?"

"பூஜ்யம்" என்றேன்.

சொல்லிவிட்டுப் படியிலேயே நின்றேன். தெருவில் வீட்டுக்காரர் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதுல என்று அவர் கேட்கவில்லை.